பணக்கார நாடுகள் தொழில்நுட்பம் தருவதாகச் சொல்கின்றனவே, அப்படி என்னதான் தருகின்றன?

வருடக் கடைசியில் எங்காவது ஐ.நா. காலநிலை மாநாடு நடக்கும், இரண்டு வாரம் டிவியில் ஓடும், அந்த இரண்டு வாரமும் குன்னூர் டீக்கடையிலிருந்து ஊர் வாட்ஸ்அப் குழு வரைக்கும் ஒரே சண்டைதான். ஒரு தரப்பு சொல்லும்: காலங்காலமாகப் புகையைக் கக்கி உலகத்தைச் சூடாக்கியவர்கள், டெக்னாலஜியை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு நம்மிடமே காசு கேட்கிறார்கள். எதிர்த்தரப்பு சொல்லும்: எல்லாமே ஓசியில் வேண்டுமென்றால் எப்படி, நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதானே. இரண்டு தரப்பும் மனதில் வைத்திருக்கும் படம் ஒன்றுதான். ஏதோ ஒரு வெளிநாட்டு அரசின் பீரோவில் தொழில்நுட்பம் பத்திரமாக இருக்கிறது, சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

அப்படி ஒரு பீரோ கிடையாது. அது தெரியாமல் பேசுவதால்தான் சண்டை வருடாவருடம் அதே இடத்தில் நிற்கிறது என்பது என் எண்ணம். உண்மையில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. நம் மலையிலேயே உதாரணங்கள் நிறையக் கிடக்கின்றன, நல்லதும் கெட்டதுமாக.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

காலநிலைக்கு உகந்த தொழில்நுட்பம் என்றதும் சோலார் பேனலும் மின்சாரக் காரும்தான் பலருக்கு ஞாபகம் வரும். இதில் இரண்டு வகை உண்டு. பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் வெளியேறுவதைக் குறைப்பது ஒரு வகை, இதைத் தணிப்பு என்கிறார்கள்: காற்றாலை, நீர்மின்சாரம், எல்.இ.டி. பல்பு, குறைந்த விறகில் அதிகச் சூடு தரும் அடுப்பு எல்லாம் இதில் வரும். ஏற்கெனவே சூடாகிப்போன உலகத்தில் சமாளித்துப் பிழைக்க உதவுவது இன்னொரு வகை, இதற்குத் தகவமைப்பு என்று பெயர்: வறட்சி தாங்கும் விதை, புயல் எச்சரிக்கை, மண்சரிவு முன்னறிவிப்பு. மலையில் குடியிருக்கும் நமக்கு இரண்டாவது வகைதான் உயிர்ப் பிரச்சினை. ஆனால் பணத்தில் பெரும்பகுதி போவது முதல் வகைக்கு.

தொழில்நுட்பப் பரிமாற்றம் என்பது ஒரு நாட்டில் இருக்கும் சாதனமும், அதை ஓட்டத் தெரிந்த அறிவும், அதை உருவாக்கும் திறமையும் இன்னொரு நாட்டுக்குப் போய் அங்கேயே வேரூன்றுவது. இதில் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். வேரூன்றாவிட்டால் அது வெறும் இறக்குமதி.

வர்க்கி போடத் தெரிய என்ன வேண்டும்?

ஊட்டி வர்க்கியை எடுத்துக்கொள்வோம், 2023ல் புவிசார் குறியீடு கூட வாங்கிவிட்டது. சேலத்தில் ஒருவர் வர்க்கி போட்டு விற்க ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். இங்கிருக்கும் விறகு அடுப்பைச் செங்கல் செங்கலாக அளந்துபோய் அங்கே கட்டிவிடலாம். மைதா எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதியும் வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் முதல் நாள் வருவது வர்க்கியாக இருக்காது. இங்கே ஈஸ்டுக்குப் பதிலாக மாவா என்று ஒரு புளித்த கலவையைச் சேர்ப்பார்கள், அது எப்போது பதமாகிறது என்பது தாளில் இருக்காது, மாஸ்டரின் மூக்குக்குத்தான் தெரியும். சரி, மாஸ்டரையே ஒரு மாதம் அழைத்துக்கொண்டு போய்ப் பழகிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஊட்டிக் குளிரில் மாவு புளிக்கிற வேகம் வேறு, சேலத்து வெயிலில் வேறு. பழகியதை அப்படியே செய்தால் மாவு பொங்கிக் கெட்டுப்போகும். இந்த நேரம் ஏன் வைத்தார்கள், இந்தச் சூடு ஏன் வைத்தார்கள் என்று காரணம் தெரிந்தவரால்தான் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியும்.

ஆக மூன்று அடுக்கு. கீழே சாதனம். அதற்கு மேல் செய்முறை, அதாவது ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிவது. எல்லாவற்றுக்கும் மேலே காரண அறிவு, அதாவது ஏன் அப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து, மாற்றவும் புதிதாகச் செய்யவும் முடிவது. சாதனத்தைக் கப்பலில் அனுப்பிவிடலாம், செய்முறைக்கு ஆட்கள் வந்து பழக்க வேண்டும், காரண அறிவு சேர வருடக்கணக்கு ஆகும். செய்தியில் "தொழில்நுட்பம் வழங்கப்பட்டது" என்று வந்தால் பெரும்பாலும் அது முதல் அடுக்கைப் பற்றியது.

குந்தாவில் மூன்று அடுக்கும்

நீலகிரியில் இது நடந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மஞ்சூர் பக்கம் போக வேண்டும். 1932ல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது இயந்திரங்கள் எல்லாம் கடல் கடந்து வந்தவை, அப்போது இந்தியாவில் அவற்றைச் செய்ய யாரும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1950களில் குந்தா நீர்மின் திட்டம் வந்தது. கொழும்புத் திட்டம் என்று காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து ஆசிய நாடுகளுக்கு உதவுவதற்கு வைத்திருந்த ஏற்பாட்டின் கீழ் கனடா பணமும் கருவிகளும் நிபுணர்களும் கொடுத்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று இன்று சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் அணைகளெல்லாம் அந்தத் திட்டத்தின் பகுதிகள்தான்.

அப்போது யாரும் இதைக் "காலநிலைத் தொழில்நுட்பம்" என்று சொல்லவில்லை, அந்தப் பேச்சே கிடையாது. (அணைக்கடியில் போன சோலையையும் புல்வெளியையும் கூட யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) ஆனால் நடந்த விதத்தைக் கவனியுங்கள். கருவி வந்தது, அது முதல் அடுக்கு. அதை நம் மின்வாரிய ஆட்கள் அறுபது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது இரண்டாவது. மூன்றாவது அடுக்கு குந்தாவிலேயே நடக்கவில்லை, போபாலில் நடந்தது. 1950களின் பிற்பகுதியில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கிய மின்கருவித் தொழிற்சாலை, பிறகு பெல் என்று நாம் அழைக்கும் பொதுத்துறை நிறுவனத்தின் பகுதியானது, இன்று நீர்மின் டர்பைன்களை இங்கேயே வடிவமைத்துச் செய்கிறது. திருச்சி பெல் தெரியும்தானே, அதன் பாய்லர் தொழிற்சாலையும் அந்தக் காலச் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு 1960களில் வந்ததுதான். கரண்ட் எடுக்கும் இடம் ஒன்று, கரண்ட் எடுக்கும் இயந்திரத்தைச் செய்யும் இடம் வேறு, நடுவில் படித்த இன்ஜினியர்களும் வாங்கிக்கொள்ள ஒரு அரசும். இது அத்தனையும் சேர்ந்தால்தான் மூன்றாவது அடுக்கு.

இப்போது அதே குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் கட்டுகிறார்கள். வெயிலும் காற்றும் அதிகமாக இருக்கிற நேரத்தில் மிஞ்சும் மின்சாரத்தை வைத்துத் தண்ணீரை அவலாஞ்சி, எமரால்டு பக்கமிருந்து மேலே போர்த்திமந்து அணைக்கு ஏற்றுவார்கள், சாயங்காலம் எல்லோரும் லைட் போடும் நேரத்தில் கீழே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். கனடா காலத்து அணைகள் சோலார் காலத்துக்கு பேட்டரியாகின்றன.

தொழில்நுட்பம் யார் கையில் இருக்கிறது?

இங்கேதான் பெரிய குழப்பம். மாநாட்டில் வாக்குக் கொடுப்பது அரசுகள். ஆனால் காற்றாலை செய்யத் தெரிந்தது டென்மார்க் அரசுக்கு அல்ல, டென்மார்க்கில் இருக்கும் கம்பெனிகளுக்கு. அரசு சொன்னால் கம்பெனி தூக்கிக் கொடுத்துவிடாது. அதனால் தொழில்நுட்பம் நாடு விட்டு நாடு போவது பெரும்பாலும் வியாபார வழிகளில்தான்: சாதனத்தை விலைக்கு வாங்குவது, லைசென்ஸ் எடுப்பது (ஒரு கம்பெனியின் வடிவமைப்பைக் கட்டணம் கட்டிப் பயன்படுத்த வாங்கும் அனுமதி), இரண்டு நாட்டுக் கம்பெனிகள் கூட்டாகத் தொழில் தொடங்குவது. இவற்றோடு யாரும் அதிகம் பேசாத நான்காவது வழி ஒன்று உண்டு, மனிதர்கள் போய்வருவது.

காற்றாலையைப் பாருங்கள். உடுமலைப்பேட்டையைச் சுற்றிப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழல்பவற்றை நாம் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறோம். 1980களின் கடைசியில் கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் மாதிரிக் காற்றாலைகள் வைக்க டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடா கை கொடுத்தது. சென்னையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தை 1990களின் கடைசியில் அமைப்பதற்கும் அதே டானிடா உதவியது. இங்கே காற்று இருக்கிறது, இயந்திரம் ஓடும், காசு திரும்பி வரும் என்று காட்டியதுதான் அரசு உதவியின் வேலை. அதற்குப் பிறகு வியாபாரிகள் வந்தார்கள். சூரத்தில் ஜவுளித் தொழில் நடத்திக்கொண்டு மின்சாரப் பிரச்சினையில் நொந்துபோயிருந்த துளசி தாந்தி 1995ல் சுஸ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் சூட்விண்ட் என்ற சிறிய ஜெர்மன் கம்பெனியோடு தொழில்நுட்ப ஒப்பந்தம். அப்புறம் ஜெர்மனியிலேயே ஆராய்ச்சிக் கூடம். 2007ல் ரீபவர் என்ற பெரிய ஜெர்மன் காற்றாலைக் கம்பெனியையே வளைத்துப்போடும் அளவுக்கு வளர்ந்தது. பிறகு கடனில் மாட்டி அதை விற்கவும் வேண்டிவந்தது, ஆனால் காற்றாலையை வடிவமைக்கும் கை இந்தியாவில் தங்கிவிட்டது.

மனிதர்கள் வழிக்கு இதைவிடப் பெரிய உதாரணம் சீனாவில். ஷி செங்ரோங் என்ற சீன மாணவர் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் என்ற சோலார் விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி செய்தவர். 2001ல் ஊர் திரும்பி வூஷி நகரத்தில் சன்டெக் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு ஐ.நா. தீர்மானமும் இல்லை, ஒரு பேச்சுவார்த்தை மேஜையும் இல்லை, படித்த ஆள் ஒருவர் ஊருக்குத் திரும்பினார். இன்று உலகத்து சோலார் பேனல்களில் பெரும்பங்கு சீனாவில் தயாராகிறது.

வாங்குவது என்கிற முதல் வழியையும் லேசாக நினைக்க வேண்டாம். மத்திய அரசு நிறுவனம் எல்.இ.டி. பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கிய 2014ல் பல்புக்கு 310 ரூபாய் கொடுத்தது, 2016ல் 38 ரூபாய்க்கே கிடைத்தது. விலை குறைய யாரும் தொழில்நுட்பத்தைத் தானம் செய்யவில்லை, கோடிக்கணக்கில் வாங்குகிறோம் என்று சொன்னதும் கம்பெனிகள் போட்டி போட்டன. ஆனாலும் பல்புக்குள் ஒளி தரும் அந்தச் சின்னச் சில்லு இன்னமும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. மலிவாக வாங்குவது முதல் அடுக்கு, அதோடு நின்றால் மேலே ஏற முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தொழில்நுட்பம் மூன்று அடுக்காக இருக்கிறது, அதில் பெரும்பகுதி கம்பெனிகளிடமும் ஆட்களின் தலைக்குள்ளும் இருக்கிறது, அரசு செய்யக்கூடியது வழியைத் திறந்துவிடுவதும் முதல் ஆபத்தைத் தாங்கிக்கொள்வதும்.

காப்புரிமை: எல்லோரும் திட்டும் வில்லன்

காப்புரிமை என்பது ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, பொதுவாக 20 வருடத்துக்கு, அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று ஒரு நாடு கொடுக்கும் உரிமை. "ஒரு நாடு" என்பதைக் கவனியுங்கள். ஜெர்மனியில் மட்டும் வாங்கிய காப்புரிமை நீலகிரியில் செல்லாது, இந்தியாவில் தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். இன்னொன்று, காப்புரிமை ரகசியம் அல்ல. கண்டுபிடிப்பை விவரித்து எழுதினால்தான் உரிமையே கிடைக்கும், அந்த விவரத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பின் ஏன் படித்துவிட்டுச் செய்ய முடியவில்லை? வர்க்கி மாஸ்டரின் மூக்கு அதில் இல்லை. தொழிற்சாலையில் எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம், எங்கே அடிக்கடி பழுதாகும், எந்தக் கச்சாப்பொருள் ஒத்துவராது என்பதெல்லாம் கம்பெனியின் உள்ரகசியம். சோலார், காற்றாலை இரண்டிலும் அடிப்படைக் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, ஆனாலும் எல்லா நாடும் செய்யவில்லையே. அதனால் காப்புரிமைதான் ஒரே தடை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதற்காகத் தடையே இல்லை என்பதும் பொய். ஒன்றிரண்டு கம்பெனிகள் மட்டுமே செய்யும் புது ரசாயனம், பேட்டரிப் பொருள் போன்றவற்றில் அது நிஜமாகவே கழுத்தைப் பிடிக்கும். அதற்கும் ஒரு உதாரணம் கீழே வருகிறது.

ஐ.நா. என்ன செய்கிறது?

1992ல் ரியோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைத்த காலநிலை உடன்படிக்கையிலேயே, வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்பம் போய்ச்சேர வளர்ந்த நாடுகள் உதவவும் பணம் கொடுக்கவும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆகவே இது யாரோ போடும் பிச்சை இல்லை, கையெழுத்துப் போட்ட கடமை. எழுதியது நடந்ததா என்றால், மெதுவாக, அரைகுறையாக.

2010ல் மெக்சிகோவின் கான்கூனில் தொழில்நுட்பத்துக்கென்று தனி ஏற்பாடு ஒன்று செய்தார்கள். அதில் ஒரு பகுதி கொள்கை பேசும் குழு. இன்னொன்று கோபன்ஹேகனில் இருந்து இயங்கும் காலநிலைத் தொழில்நுட்ப மையம். ஒரு வளரும் நாடு "எங்களுக்கு இந்த விஷயத்தில் உதவி வேண்டும்" என்று கேட்டால் இந்த மையம் நிபுணர்களை அனுப்பும், ஆய்வு செய்து கொடுக்கும். ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர் மதிப்புள்ள உதவி. இயந்திரமும் தராது, ரொக்கமும் தராது. கெட்ட ஏற்பாடு என்று சொல்லமாட்டேன், ஆனால் டிவியில் கேட்கும்போது வருகிற பிரமிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெரிய பணம் வேறு பக்கம் இருக்கிறது. 2020க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009ல் கோபன்ஹேகனில் சொன்னார்கள். வளர்ந்த நாடுகளின் சொந்தக் கணக்குப்படியே அது 2022ல்தான் எட்டியது. 2024ல் பாகு மாநாட்டில் 2035க்குள் வருடத்துக்கு 30,000 கோடி என்று புது இலக்கு வைத்திருக்கிறார்கள். இதுவரை வந்ததில் பெரும்பகுதி கடன், திருப்பிக் கட்ட வேண்டும். பணம் வந்தாலே தொழில்நுட்பம் வந்துவிட்டதாக நினைப்பதும் தப்பு, கடன் வாங்கி வெளிநாட்டுப் பேனலை நிறுவினால் வந்தது பேனல் மட்டும்தான்.

இதில் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். இந்தியா தன் தேசிய சோலார் திட்டத்தில் ஒரு பகுதிக்கு உள்நாட்டுப் பேனல்தான் வாங்க வேண்டும் என்று விதி வைத்தது, மூன்றாவது அடுக்கை இங்கே வளர்க்கிற ஆசையில். அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது, 2016ல் இந்தியா தோற்றது. காலநிலை மாநாட்டில் "கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்பவர்களே வர்த்தக மன்றத்தில் "வாங்கினால் போதும்" என்கிறார்கள். (பிற்பாடு சில அமெரிக்க மாநிலங்களின் இதே மாதிரி விதிகளை எதிர்த்து இந்தியாவும் வழக்குப் போட்டது. யாரும் இதில் பால்குடிப் பிள்ளை இல்லை.)

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கதை

இத்தனை இழுபறிக்கு நடுவில் உருப்படியாக நடந்த ஒன்று மான்ட்ரியல் ஒப்பந்தம். ஓசோன் படலத்தை அரிக்கும் குளிர்பதன வாயுக்களை நிறுத்த 1987ல் வந்தது. அந்த வாயுக்கள் பூமியையும் பயங்கரமாகச் சூடாக்குபவை என்பதால் காலநிலைக்கும் பெரிய லாபம். இது ஏன் ஓடியது என்றால், 1990ல் இதற்கென்று தனியாக ஒரு நிதி வைத்தார்கள், அந்த நிதி கூடுதல் செலவைக் கொடுத்தது. கூடுதல் செலவு என்பது பழைய முறையிலேயே செய்வதற்கும் புதிய முறைக்கு மாறுவதற்கும் உள்ள வித்தியாசத் தொகை. தொழிற்சாலைக்காரருக்கு நஷ்டமில்லை, எதற்குப் பணம் என்பதிலும் குழப்பமில்லை. இந்தியா 1992ல் சேர்ந்தது.

அங்கேயும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. பழைய வாயுவுக்கு மாற்றாக வந்த எச்.எஃப்.சி. 134ஏ என்ற வாயுவைச் செய்யும் முறை ஒரு சில பெரிய கம்பெனிகளிடம்தான் இருந்தது. விலைக்குக் கேட்ட இந்தியக் கம்பெனிகளுக்கு எட்டாத விலையும் கடுமையான நிபந்தனைகளும்தான் பதிலாகக் கிடைத்தன. கடைசியில் இங்கேயே முறையைக் கண்டுபிடித்தார்கள். மேலே சொன்ன கழுத்துப்பிடி இதுதான். அதே சமயத்தில் ஜெர்மனியில், கிரீன்பீஸ் அமைப்பும் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியும் சேர்ந்து சமையல் கேஸின் பங்காளியான ஐசோபியூட்டேன் வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜை 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்து, யாரும் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். இந்தியாவுக்கு அது வந்ததில் ஜெர்மன், சுவிஸ் உதவித் திட்டங்களுக்குப் பங்குண்டு. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் ஸ்டிக்கரைப் பாருங்கள், ஆர்600ஏ (ஐசோபியூட்டேனின் இன்னொரு பெயர்) என்று இருந்தால் அந்த வழியில் வந்ததுதான். கஷ்டப்பட்டுக் கற்ற 134ஏ என்ன ஆனது? அதுவும் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடாக்கும் வாயு, மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016ல் வந்த கிகாலித் திருத்தத்தின்படி உலகம் முழுக்கக் குறைக்கப்படுகிறது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதற்கு முன் அது எங்கே போகிறது என்று கேட்பது நல்லது.

கொடைக்கானலுக்கு வந்த தொழிற்சாலை

வெளிநாட்டிலிருந்து வருவதெல்லாம் நல்லதுதான் என்று நினைப்பவர்களுக்குப் பழனி மலையில் ஒரு பாடம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் இயந்திரத்தோடு பெயர்ந்து கொடைக்கானலுக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் நடத்தியது. 2001ல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய பொருள் கடையில் குவிந்து கிடந்தது தெரியவந்து போராட்டம் வெடித்து, தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் சமரசத்துக்கு வந்தபோது வருடம் 2016.

பாதரசத்துக்கும் காலநிலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை, தெரியும். ஆனால் பரிமாற்றம் எப்படிக் கோணலாகப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. ஒரு நாட்டில் காலம் முடிந்துகொண்டிருக்கும் தொழில் இன்னொரு நாட்டில் "வேலைவாய்ப்பு" என்று இறங்குகிறது. இயந்திரம் வந்தது, ஓட்டும் முறை வந்தது, அதன் ஆபத்து முழுவதும் தெரிந்த அறிவும் அதைக் கண்காணிக்கும் ஏற்பாடும் கூட வரவில்லை. இன்று பழைய டீசல் ஜெனரேட்டர், அதிகக் கரண்ட் இழுக்கும் பழைய ஏ.சி. போன்றவை ஏழை நாடுகளில் தள்ளிவிடப்படுவதும் இதே ரகம்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஈர விறகு

இப்போது இன்னொரு சொல்: உள்வாங்கும் திறன். வருகிற தொழில்நுட்பத்தைப் பிடித்து, புரிந்து, தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள ஒரு ஊருக்கு இருக்கும் சக்தி. இதைச் சொல்லிக் காட்ட நம் டீ ஃபேக்டரிகளை விட்டால் வேறு இடமில்லை.

நான்கைந்து கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகிறது என்றால் மீதியெல்லாம் தண்ணீர், அந்தத் தண்ணீரை விரட்டத்தான் விறகு எரிகிறது. தென்னிந்தியாவின் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளில் எரிசக்தியை மிச்சப்படுத்த, உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணத்தில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் தேயிலை வாரியமும் 2000களின் பிற்பகுதியில் ஒரு திட்டம் நடத்தின, குன்னூரை மையமாக வைத்து. கேட்டால் சர்வதேசத் தொழில்நுட்பம் என்று பெரிதாகத் தோன்றும். இந்த மாதிரி வேலையில் உள்ளே பார்த்தால் இருப்பது என்ன? எங்கே சூடு வீணாகிறது என்று அளந்து பார்க்கும் கணக்கு, இலை வாட்டும் தொட்டிகளுக்குக் கனம் குறைந்த விசிறி இறக்கை, சூடு தப்பாத அடுப்பு. இவற்றோடு, விறகைப் பிளந்து கூரைக்கடியில் காய வைப்பது. கடைசியாகச் சொன்னதற்குக் காப்புரிமையும் இல்லை, கப்பலும் வேண்டாம், ஆனால் ஜூலை மழையில் நனைந்த கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) அப்படியே அடுப்பில் தள்ளும் இடத்தில் எந்த ஊர் அடுப்பை வைத்தாலும் சூட்டில் ஒரு பங்கு ஈரத்தை விரட்டவே போய்விடும்.

மரவாயு இயந்திரங்களும் அப்படித்தான். விறகை நேரடியாக எரிக்காமல் வாயுவாக்கி எரிப்பவை, நல்ல யோசனை. ஆனால் துண்டுகள் ஒரே அளவாக, காய்ந்து இருக்க வேண்டும், உள்ளே படியும் தார்ப் பிசுக்கை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும், அதற்குப் பழகிய ஆள் வேண்டும். இலை விலை விழுந்து ஆளைக் குறைக்கிற மாதத்தில் முதலில் நிற்பது அதுதான். சோலார் வாட்டர் ஹீட்டரும் சமவெளி மாதிரி இங்கே வேலை செய்யாது. சென்னையில் வருடக்கணக்கில் ஓடும் செம்புக் குழாய்த் தட்டு, ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி ராத்திரியில் உள்ளே தண்ணீர் உறைந்து வெடிக்கலாம். அதனால்தான் இங்கே வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வைத்தவை அதிகம் எடுபடுகின்றன, அல்லது உறையாத திரவம் ஓடும் வகை. இதை டெல்லியிலிருந்து டெண்டர் விடுபவருக்குச் சொல்ல இங்கே ஒரு ஆள் இருந்தால் அதற்குப் பெயர்தான் உள்வாங்கும் திறன்.

சுருக்கமாக, எந்தச் சாதனமும் வந்து இறங்குகிற இடத்தில் ஈரம், குளிர், கூலி, இலை விலை எல்லாம் காத்திருக்கின்றன. அவற்றைச் சமாளிக்கும் வேலையில் வெளிநாட்டுக்காரர் கொஞ்சம்தான் உதவ முடியும்.

கடைசியாக, மண்சரிவு

தகவமைப்பு பக்கம் நமக்கே ஒரு பரிமாற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்தது யாருக்கும் மறந்திருக்காது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் முன்னின்று, பிரிட்டன், இத்தாலி ஆய்வாளர்களும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து லேண்ட்ஸ்லிப் என்ற திட்டத்தை நடத்தினார்கள். சோதனைக்கு எடுத்த இரண்டு இடங்களில் ஒன்று டார்ஜிலிங் பக்கம், இன்னொன்று நீலகிரி. 2020ல் சோதனை முறையில் முன்னறிவிப்பு தொடங்கியது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய மண்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டபோது முதலில் அறிக்கை வெளியான மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று.

இதில் வந்தது இயந்திரம் அல்ல, ஒரு கணக்கு முறை. எவ்வளவு மழை எத்தனை நாள் பெய்தால் சரிவு வரும் என்ற வரம்பைப் பழைய சரிவுகளையும் பழைய மழைக் கணக்கையும் வைத்து எடுப்பது. முறை வெளியிலிருந்து வரலாம், எண்ணை இரவல் வாங்க முடியாது, இத்தாலிய மலையின் மண் வேறு, நம் மண் வேறு. மாவட்டத்துக்குள்ளேயே கூட ஒரு எண் போதாது. அவலாஞ்சிக்குத் தென்மேற்குப் பருவமழை, 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோத்தகிரி, குன்னூருக்கு ஆபத்து வடகிழக்குப் பருவமழையில். ஒரு முகட்டுக்கு அந்தப் பக்கம் பெய்வது இந்தப் பக்கம் பெய்வதில்லை.

ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தில் இனி தேவைப்படுவதில் பெரும்பகுதி இங்கேயே செய்ய வேண்டியது: இன்னும் நெருக்கமாக மழைமானிகள், எங்கே எந்தத் தேதியில் எவ்வளவு மண் சரிந்தது என்ற விடாத பதிவு (ரோட்டை மறித்தது மட்டுமல்ல, தோட்டத்துக்குள் சரிந்ததும்), கொல்கத்தாவில் வெளியாகும் அறிக்கை ராத்திரி பத்து மணிக்குள் ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் புரிகிற மொழியில் வந்து சேர ஒரு வழி. மூன்றில் முதலாவதற்குத்தான் வெளியிலிருந்து பணம் கேட்க முடியும்.